ஈரோட்டுக்குப் போன கடிதம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில், குஞ்சப்பனையைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியதும், ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கார் நின்றுவிட்டது. இருமவில்லை, உதறவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் அப்படியே இருக்க, என்ஜின் சத்தம் மட்டும் இல்லாமல் போனது. பின்னால் அரசுப் பேருந்து ஒன்று வளைவில் பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான் கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலையும் பிரேக்கிலிருந்து எடுக்காமல் இருந்தேன். கணவர் இறங்கி ஓடினார். பேருந்தின் கண்டக்டர் அவருக்கு முன்பே சாலையோரத்துக் கல் ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் பின் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "இனி காலை எடுங்கக்கா" என்றார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கல்லின் மதிப்பு தெரியும்.

அரை மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பியது. அடுத்த ஐந்து மாதங்களில் மூன்று முறை அதேபோல நின்றது. ஒரு மெக்கானிக் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். இன்னொருவர் ஃபில்டரை மாற்றினார். மூன்றாமவர் பிளக்கை மாற்றினார். நாலாவதாகப் போன கோத்தகிரிப் பட்டறைக்காரர்தான், முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "டீச்சர், இது எந்த வருசத்து வண்டிங்க? இந்த மாடலுக்கு பெட்ரோல் பம்பு ரீகால் வந்துச்சுங்களே. கீழ போயி கம்பெனில சேசிஸ் நம்பரைக் குடுத்துப் பாருங்க."

கீழே போய்க் கொடுத்தோம். கணினியில் எண்ணைத் தட்டிய இளைஞர், பம்ப் மாற்ற வேண்டிய வண்டிதான், கட்டணம் இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். அப்படியென்றால் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், வண்டியை முதலில் வாங்கிய ஈரோட்டுக்காரரின் முகவரிக்கு. நாங்கள் 2021-இல் அவரிடமிருந்து வாங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் முறையாகப் பெயர் மாற்றியிருந்தோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எங்கள் முகவரி தெரியும். வண்டி செய்தவர்களுக்குத் தெரியாது. "எத்தனை நாளாக இந்த ரீகால் இருக்கிறது?" என்று நான் கேட்டபோது அந்த இளைஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைத் திருத்தினார்: "ரீகால் இல்லைங்க மேடம், சர்வீஸ் கேம்பெயின்."

அந்தத் திருத்தம் பல நாள் மனத்தில் கிடந்தது. ஒரு நிறுவனம் தன் தவறைக் கண்டுபிடித்து, தன் செலவில் சரிசெய்து தருவதற்கு வைத்திருக்கும் சொல்லைச் சொல்லவே ஏன் வெட்கப்படுகிறது? பெட்ரோல் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் அந்தப் பம்புக்குள் விரலளவு பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று சுழல்கிறது. பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக இருந்தால் அது நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சி உப்புகிறது. உப்பியது உறையில் உரசுகிறது. உரசினால் பம்ப் நிற்கிறது, என்ஜினும் நிற்கிறது. எந்தப் பொறியாளருக்கும் நேரக்கூடிய பிழை இது. ஆனால் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது கிடைத்த முதல் பதில், "அதாங்க டீச்சர், அந்தக் கம்பெனி வண்டியே வாங்கக் கூடாதுன்னு சொல்றது" என்பதுதான். அதே மாடலை டாக்ஸியாக ஓட்டும் ஒருவர் அங்கே இருந்தார். தன் வண்டியையும் காட்டிவிட்டு வரும்படி அவரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருசத்துல விக்கிற வண்டிங்க. ரீகால் வண்டின்னு பேர் வந்துட்டா அம்பதாயிரம் கொறச்சுக் கேப்பாங்க" என்றார். ஆக, நிறுவனம் வெட்கப்படுவதற்கான காரணத்தில் பாதி நம்மிடம் இருக்கிறது. திரும்ப அழைப்பை ஒப்புதல் வாக்குமூலமாக மட்டும் படிக்கும் பழக்கம் நமக்கு.

இதற்கு நேர் எதிரான காட்சியை உலகம் 2010-இல் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2009 ஆகஸ்ட் 28 அன்று, கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, டொயோட்டா நிறுவனம் செய்யும் ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் பாய்ந்து நால்வர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. ஓட்டத் தெரியாதவர் என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து அவசர எண்ணுக்குச் செய்த அழைப்பின் ஒலிப்பதிவு அந்த நாடு முழுவதும் ஒலித்தது. அது டீலர் இரவலாகக் கொடுத்த கார். அதில் வேறொரு மாடலுக்குரிய ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். அந்த விரிப்பில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டது. அந்தக் காரை அதற்குச் சில நாள் முன்பு எடுத்துப்போன வேறொரு வாடிக்கையாளர் இதே தொல்லையை டீலரிடம் சொல்லியிருந்தார் என்பது பிறகு வந்த விசாரணையில் தெரிந்தது.

இதைப் படித்த அன்று நான் முதலில் செய்தது, எழுந்துபோய் எங்கள் காரின் ஓட்டுநர் பக்கத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்ததுதான். வண்டியோடு வந்த துணி விரிப்பின்மேல், மழைச் சேறுக்காகக் கோவையில் வாங்கிப் போட்ட தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. கொக்கி எதிலும் மாட்டாமல், மேல் முனை ஆக்சிலரேட்டரின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு, சற்றுச் சுருண்டிருந்தது. நீலகிரியில் ஓடும் கார்களில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டொயோட்டா முதலில் விரிப்புக்காகச் சுமார் 38 லட்சம் வண்டிகளையும், 2010 ஜனவரியில் மிதித்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காக 23 லட்சம் வண்டிகளையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. எட்டு மாடல்களின் விற்பனையையே நிறுத்தி வைத்தது. பிப்ரவரியில் பிரேக் மென்பொருளுக்காகப் பிரியஸ் கார்களும் சேர்ந்துகொண்டன. அதற்குள் இது பொறியியல் விவகாரம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ரே லஹூத், பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன், இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, சில மணி நேரத்தில் அது தவறாகச் சொன்னது, டீலரிடம் கொண்டுபோங்கள் என்பதே பொருள் என்று திருத்திக்கொண்டார். அமைச்சரின் ஒரு வாக்கியத்தில் டொயோட்டாவின் பங்கு விலை ஆடியது. ஜப்பானில், அங்குள்ள போக்குவரத்து அமைச்சரே தங்கள் நாட்டின் பெருமைக்குரிய நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் கண்ணால் பார்க்கும் பழக்கம் போதவில்லை என்று கடிந்துகொண்டார். நிறுவனரின் பேரனும் தலைவருமான அகியோ டொயோடா நிருபர்கள் முன் குனிந்து வணங்கியபோது, அந்த வணக்கம் போதிய ஆழத்துக்குக் குனியவில்லை என்று அளந்தவர்களும் இருந்தார்கள். பிப்ரவரி 24 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பதில் சொன்னார்; நிறுவனம் வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கூச்சலில் அரசியல் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அப்போது போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பெரும்பகுதிப் பங்குகள் அமெரிக்க அரசின் கையில் இருந்தன. அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டைத் தூக்கி நிறுத்த டொயோட்டாவை அடிக்கிறார்கள் என்ற சந்தேகம் ஜப்பானில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் எழுந்தது. அந்த நேரத்தில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது, கென்டகி, இண்டியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய நான்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதம். டொயோட்டாவை நியாயமாக நடத்த வேண்டும் என்று கேட்ட அந்த நால்வரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். நான்கு மாநிலங்களுக்கும் பொதுவாக இருந்தது டொயோட்டாவின் தொழிற்சாலை. கார் வாங்குகிறவர் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்; கார் செய்கிறவர் சில மாநிலங்களில் மட்டும் இருக்கிறார்; அதனால் முன்னவருக்காகக் கூச்சலிட எல்லாருக்கும் முடிகிறது, பின்னவருக்காக எழுதச் சிலருக்குத்தான் கட்டாயம் வருகிறது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. தமிழ்நாடு கார் செய்கிற மாநிலம். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ என்று பள்ளிப் பிள்ளைகள் பாடமாகச் சொல்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, மறைமலைநகர்த் தொழிலாளர்களுக்காகக் கட்சி வேறுபாடில்லாமல் குரல்கள் எழுந்தன, எழ வேண்டியதும்தான். ஆனால் ஒரு வண்டியின் பிரேக்கோ ஏர்பேக்கோ திரும்ப அழைக்கப்பட்டதற்காக எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 2021 செப்டம்பரில்தான் மாருதி சுசுகி ஒரு மின் பாகத்தைச் சோதிப்பதற்காக 1,81,754 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் வந்தது, போனது. அமெரிக்காவில் இதைவிடச் சிறிய எண்ணிக்கைக்கும் சட்டமன்ற உறுப்பினர் யாராவது கடிதம் எழுதியிருப்பார்.

ஒரே ஒரு முறை நம்மிடம் சத்தம் கேட்டது. 2022 மார்ச்சில் வேலூர் அருகே இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே வாரங்களில் புணேயில் நடுச்சாலையில் எரிந்த ஒரு ஸ்கூட்டரின் காணொளி கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. ஏப்ரல் 21 அன்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி, அலட்சியம் காட்டும் நிறுவனங்களுக்குக் கடும் அபராதம் விதிக்கப்படும், பழுதுள்ள வண்டிகள் அனைத்தையும் திரும்ப அழைக்க உத்தரவிடப்படும் என்று எச்சரித்தார். வேலூர் விபத்தில் சிக்கிய ஸ்கூட்டரைச் செய்த நிறுவனம் 3,215 வண்டிகளையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா 1,441 வண்டிகளையும் அந்த மாதமே திரும்ப அழைத்தன. தீ கண்ணுக்குத் தெரிந்தது, காணொளியாயிற்று, அமைச்சர் பேசினார். உப்பிய பிளாஸ்டிக் சக்கரத்தை யாராலும் காணொளி எடுக்க முடியாது.

சத்தம் போடுவது எப்போதும் சரியாகவே இருக்கும் என்றும் சொல்லவில்லை. 1986-இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று காட்டியது. 1985-இல் ஆண்டுக்கு 74,000 என்றிருந்த ஆடியின் விற்பனை 1991-இல் 12,000 அளவுக்கு வந்தது. ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலான சம்பவங்களுக்குக் காரணம் என்று அரசின் ஆய்வு 1989-இல் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. டொயோட்டா விவகாரத்திலும் மின்னணுக் கோளாறுதான் காரணம் என்று பலர் உறுதியாக நம்பினார்கள். நாடாளுமன்றம் கேட்டதால் நாசாவின் பொறியாளர்கள் பத்து மாதம் ஆராய்ந்து, வண்டிகளைக் கட்டுமீறிப் பாய வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் சொன்னார்கள். விரிப்பும் பெடலும்தான் மிச்சம். அப்படியென்றால் அந்தக் கூச்சல் வீணா என்று என் கணவர் கேட்டார். அவர் கணக்கு ஆசிரியர். மிச்சம் வராத வகுத்தலில்தான் அவருக்கு நிம்மதி.

வீண் இல்லை என்பதற்கு, கடைசியில் டொயோட்டா எதற்காகப் பணம் கட்டியது என்று பார்க்க வேண்டும். 2010 ஏப்ரலில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விதித்த 1 கோடியே 63 லட்சத்து 75 ஆயிரம் டாலர், பெடல் ஒட்டியதற்கான அபராதம் அன்று. ஒட்டுவது தெரிந்தும் உரிய காலத்தில் சொல்லாததற்கான அபராதம். 2014 மார்ச்சில் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் கட்டிய 120 கோடி டாலரும், வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக. ஜெனரல் மோட்டார்ஸ் கதையும் அதே. சாவித் துளையின் சுவிட்ச் தளர்ந்து, ஓடும்போதே என்ஜின் அணைந்து, ஏர்பேக்கும் விரியாமல் போன கோளாறு நிறுவனத்துக்குள் சுமார் பத்தாண்டுகள் தெரிந்திருந்தது. 2014-இல்தான் 26 லட்சம் வண்டிகளை அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி 124 இறப்புகளை ஏற்றுக்கொண்டது. மேரி பாரா தலைமைப் பொறுப்புக்கு வந்த சில மாதங்களிலேயே நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார வேண்டியிருந்தது. தகாட்டா நிறுவனம், வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய்க் குண்டுபோல் வெடித்த ஏர்பேக் பாகங்களின் சோதனை முடிவுகளைத் திருத்திக் கொடுத்ததற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2017-இல் திவாலானது. பிழையை மன்னிக்கலாம், மறைத்ததை மன்னிக்க முடியாது என்ற இடத்தில் அந்த நாட்டின் சட்டமும் அரசியலும் தட்டுத்தடுமாறியாவது வந்து நின்றிருக்கின்றன. நாம் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்: அழைத்தவனைக் கெட்டவன் என்கிறோம், அழைக்காதவனைப் பற்றி நமக்குத் தெரிவதே இல்லை.

நமக்கும் சட்டம் வந்துவிட்டது. 2012 ஜூலையிலிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் விருப்பத்துக்கு விட்ட நெறிமுறை ஒன்று இருந்தது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. புகார்கள் ஓர் அளவைத் தாண்டினால் அரசு விசாரிக்கலாம். கீழ்ப்படியாத நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இந்த விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஏழு வருடம் ஓடிய பிறகுதான் எங்கள் மலைக்குப் பல வண்டிகள் வந்தே சேர்கின்றன. கோவையிலும் திருப்பூரிலும் முதல் வாழ்க்கையை முடித்துக்கொண்டு, கோத்தகிரியிலும் கூடலூரிலும் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் இரண்டாம் வாழ்க்கைக்கு வருகின்றன. தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், வெளியூர் வண்டிகளை இறங்க விடாமல் போலீஸ் தடுத்து நிறுத்துவதற்குக் காரணம், சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துச் சூடேற்றி விழுந்ததுதான். ஓட்டுகிறவரின் தவறைத் தடுக்க எங்களிடம் செக்போஸ்ட் இருக்கிறது. வண்டியின் தவறைத் தடுப்பதற்கு ஈரோட்டுக்குப் போன ஒரு கடிதம் இருந்தது.

என் கோபம் அந்தக் கடிதத்தின் மீதுதான், பம்பின் மீது இல்லை. பெயர் மாற்றத்தின்போது அரசுக் கணினியில் பதிவாகும் புது முகவரியும் கைப்பேசி எண்ணும், திரும்ப அழைப்பு வரும் நாளில் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வழி செய்வது பெரிய வித்தை இல்லை. வண்டிக் காப்பீடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முன்பின் தெரியாத நான்கு நிறுவனங்கள் என் கைப்பேசிக்கு அழைக்கின்றன. அவர்களுக்கு என் எண் எப்படியோ கிடைத்துவிடுகிறது. எந்தச் சட்டமன்ற உறுப்பினராவது இதைக் கேட்டால் அவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் வாக்களிக்கத் தயாராக இருக்கிறேன். அதுவரை, இரண்டாம் கையாக வண்டி வாங்குகிற என் சக ஆசிரியர்களிடம், பெயர் மாற்றிய அன்றே நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணை ஆர்.சி.யிலிருந்து பார்த்து எழுதும்போது பூஜ்யத்தையும் ஓவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆசிரியர் புத்தி போகாது.

டாக்ஸிக்காரர் சென்ற மாதம் தன் வண்டியை விற்றுவிட்டார். கோத்தகிரிப் பேருந்து நிலையத்தருகே பார்த்தபோது நல்ல விலை கிடைத்ததாகச் சொன்னார். வாங்கியவர் கூடலூர்ப் பக்கம், பந்தலூர் வரை ஓட்டுவாராம். கொடுப்பதற்கு முன் பம்ப்பை மாற்றினீர்களா என்று கேட்டேன்.

"அவரு கேக்கலைங்க டீச்சர்" என்றார்.